ஒரு நிமிடத்துக்கு மஞ்சள்

என் அக்காவின் கணவர் இறந்து மூன்று வாரம் ஆகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர் என்றார்கள். என்ன வேலை பார்த்தார் என்று ஒருவர் கேட்டபோது, அக்கா "ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்துல" என்று சொல்லி முடித்துக்கொண்டாள். அத்தான் முப்பத்தொரு வருடம் குரங்குகளைப் பார்த்துக்கொண்டார். அதை எழுதக்கூடிய ஆள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற கட்டடம் அது. அதன் கீழ்த்தளத்தில் பச்சைத் தரை போட்ட நீளமான நடை, இரண்டு பக்கமும் கூண்டுகள். காலையில் அத்தான் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெந்நீர்க் குழாயைத் திறப்பார். நடை முழுக்க ஆவி எழும்பும். நான் படிப்பு முடித்து அங்கே சோதனைக் கணக்குகளை எழுதும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அந்த ஆவிக்குள்தான் அவர்களைப் பார்த்தேன். முதலில் ஒரு நெற்றி, பிறகு ஒரு கை, பிறகு இரண்டு கண்கள். எப்போதோ பார்த்து மறந்துபோன சொந்தக்காரர்கள் கனவில் வருவதுபோல, ஒவ்வொருவராக வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அத்தானும் அவர்களைச் சொந்தக்காரர்களாகத்தான் நடத்தினார். இளசான ஆண் குரங்குகள் எல்லாம் மாப்பிள்ளை. கடிக்க வருகிற ஒருத்தி சம்பந்தியம்மா. "சம்பந்தியம்மா இன்னிக்கு மொகம் குடுத்தே பேச மாட்டேங்கறாங்க. சாப்பாட்டுல ஏதோ கொற" என்று தட்டைக் கழுவிக்கொண்டே சொல்வார். எல்லோரையும்விட வயதானவளுக்குச் சீமாட்டி என்று பெயர். கொடுக்கிற திராட்சையை அவள் உடனே வாயில் போட மாட்டாள். தன் முழங்கால் முடியில் இரண்டு முறை துடைத்துவிட்டு, அது சுத்தமாகிவிட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பாள். அவளுக்கு இருபத்தாறு வயது. குரங்குக்கு அது நம்முடைய எழுபதைத் தாண்டிய கணக்கு.

வேலைக்கு நடுவில் இரண்டு முறை அத்தான் ஜெனரேட்டர் சுவருக்குப் பின்னால் போய் சிகரெட் பிடிப்பார். திரும்பி வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். புகை வாசனையோடு குரங்குகளிடம் போகக் கூடாது என்பது கட்டடத்தின் விதி. நாங்கள் மூவரும் இருந்த வீட்டில் அக்கா வேறொரு விதி வைத்திருந்தாள், அதை அவர் பின்பற்றியதே இல்லை.

எங்கள் தலைவி, நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறவர், வயதான குரங்குகளின் ஞாபகத்தில் நிக்கோட்டின் என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். மூளையில் ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குச் செய்தி கொண்டுபோகிற பொருள் ஒன்று உண்டு. அது போய் உட்காருகிற இடத்தில் நிக்கோட்டினும் போய் உட்கார்ந்துகொள்ளும், கல்யாண வீட்டில் தூரத்து உறவுக்காரர் முன்வரிசையில் உட்காருகிற மாதிரி. மிகக் கொஞ்சம் கொடுத்தால் வயதான குரங்கு பார்த்ததைச் சற்றுக் கூடுதல் நேரம் மனதில் வைத்திருக்கலாம். அளவு கூடினால் உள்ளதும் போகும்.

சோதனை எளிது. குரங்கின் முன்னால் ஒரு திரை. அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று வந்து மறையும். பிறகு திரை கறுப்பாக இருக்கும். ஐந்து விநாடி, இருபது விநாடி, சில சமயம் முழுதாக ஒரு நிமிடம். அதன் பிறகு இரண்டு நிறங்கள் சேர்ந்து வரும். முதலில் வந்ததைத் தொட்டால் குழாய் வழியாக வாழைப்பழ வாசனையுள்ள ஒரு மாத்திரை விழும்.

சோதனைக்கு முன்னால் ஓர் ஊசி. இரண்டு புட்டிகள், ஒன்றில் நட்சத்திரம் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் வட்டம். ஒன்றில் நிக்கோட்டின், மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எதில் எது என்பது டாக்டரம்மாவின் அலமாரியில் ஒட்டி வைத்த உறைக்குள் இருந்தது. ஒன்பது மாதம் முடிந்து அதைப் பிரிக்கிறவரை அவருக்கும் தெரியாது.

இந்தச் செய்தி அத்தானைக் கையில் பிடிக்க முடியாதபடி ஆக்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கேட்டியா? மூளை வேலை செய்யறதுக்குக் குரங்குக்கு நிக்கோட்டின் ஊசி போடறாங்க. நான் முப்பது வருஷமா சொந்தக் காசுல போட்டுக்கறேன்."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அதான் குரங்கு எங்கேயோ போயிடுச்சு, நீங்க இன்னும் அங்கேயே நிக்கறீங்க."

நான்கு வயதான குரங்குகள் சோதனையில் இருந்தன. மூன்று, யார் கூட்டிவந்தாலும் உட்காரும். சீமாட்டி மட்டும் அத்தான் பக்கத்தில் நின்றால்தான் ஒழுங்காக உட்காருவாள். இன்னொரு பணியாளான நெட்டையன் கூட்டிவந்தால், நாற்காலியில் பத்து நிமிடம் முதுகைக் காட்டிவிட்டுத்தான் திரும்புவாள். யார் எந்த நாள் நிற்பது என்கிற அட்டவணையை நான்தான் போட்டேன். அக்கா வேலை பார்த்த தையல் கூடம் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் நான்கு மணிக்கே மூடும். அந்த நாட்களில் அவளைக் கூட்டிவர அத்தான் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அதனால் அவருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மற்ற நாட்கள் நெட்டையனுக்கு. புட்டி அட்டவணை டாக்டரம்மா போட்டது. சீமாட்டிக்குத் திங்கள், புதன், வெள்ளி நட்சத்திரம், மற்ற நாள் வட்டம். இரண்டு தாள்களும் என் மேஜையில்தான் கிடந்தன, ஒரே இழுப்பறையில், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பேன். மின்விசிறியின் இரைச்சலில் உள்ளே பேசுவது கேட்காது. அத்தானின் முதுகும், அவருக்கு முன்னால் சீமாட்டியின் சாம்பல் நிறக் கையும், திரையின் வெளிச்சமும் மட்டும் தெரியும். நிறம் வரும்போது அறையே அந்த நிறத்தில் நனையும். பிறகு இருட்டு. அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூன்று பேரும் ஒரே மஞ்சளை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இருக்கும்.

நட்சத்திர நாட்களில் சீமாட்டி நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகத் தொட்டாள். வட்ட நாட்களில் அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. நட்சத்திரத்தில்தான் நிக்கோட்டின் என்று உறை பிரிக்காமலே எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

ஐந்தாவது மாதம் அத்தானின் இருமல் படுக்கையில் தூங்க விடாத அளவுக்குப் போனது. நெஞ்சு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். திரும்பி வரும்போது அக்கா திட்டவில்லை, விட்டுவிடுங்கள் என்று கேட்டாள். அதுதான் அவரை அசைத்தது. வீட்டுக்கு வந்ததும் சிகரெட் பெட்டியை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார்.

"ஏழு இருக்கு. எடுத்தா உனக்குத் தெரிஞ்சிடும்."

"எண்ணத் தெரியுதே, அது போதும்" என்றாள் அக்கா.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை நான் வாசலில் காத்திருந்தேன். அக்காவைக் கூட்டிவரப் போகாத நாட்களில் அவருடைய ஸ்கூட்டரில்தான் திரும்புவேன். அவர் வண்டியை எடுத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, போய்விட்டார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

"மன்னிச்சுக்கோ மச்சினி. வண்டி இலேசா போகுதேன்னு யோசிச்சேன். சரி, நீ இளைச்சுட்டேன்னு விட்டுட்டேன்."

வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம். அப்புறம் சிரிக்க முடியாதவை வந்தன. ஒரு காலில் கறுப்பு பூட்ஸ், ஒரு காலில் பச்சை. முப்பது வருடம் போய்வந்த பழ அறைக்கு முன்னால் நின்று, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நெட்டையனைக் கேட்டார். சம்பந்தியம்மாவின் கூண்டைத் தாழிடாமல் விட்டார். அவள் வெளியே வந்து, குழாயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நாள் என்னை ஜெனரேட்டர் சுவருக்குப் பின்னால் கூப்பிட்டார். பழக்கம் போகாமல் அங்கேதான் நிற்பார், வெறும் கையோடு.

"சிகரெட்ட விட்டதுலேர்ந்துதான் இப்படி. உள்ள யாரோ விளக்கு விளக்கா அணைச்சுட்டு வர மாதிரி இருக்கு. நம்ம சீமாட்டியப் பாரேன். நட்சத்திரம்னா பொறி பறக்குது, வட்டம்னா மந்தம். இப்ப நான் வட்டத்துல இருக்கேன்."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லையா? இன்னும் நாலு வருஷம் புடிச்சா மூச்சு நின்னுடும்னாரே?"

"மூச்சு நிக்கட்டும். புத்தி நிக்கக் கூடாது." வெறும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "உறை பிரிக்கறவரைக்கும் தொட மாட்டேன். நட்சத்திரத்துல நிக்கோட்டின்னு வந்துச்சுன்னா, அந்த ஏழையும் எடுத்துடுவேன். உங்கக்கா குறுக்க நின்னாலும் சரி."

அக்காவுக்கும் இதே எண்ணம் வந்துவிட்டது என்பது அன்று மாலை தெரிந்தது. சமையலறையில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நான் சொன்னதாலதானே விட்டாரு. அதனாலயாடி?" இல்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அத்தான் விடவில்லை. ஒரு மதிய இடைவேளையில், "என்னையும் உக்கார வெச்சுப் பாரு. சீமாட்டிக்கும் எனக்கும் போட்டி" என்றார். குரங்கு நாற்காலியை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். கதவைத் திறந்து வைத்திருந்ததால் அவர் குரல் கேட்டது. மஞ்சள் வந்து மறைந்ததும் தொடங்கினார். "மஞ்ச, மஞ்ச, மஞ்ச, மஞ்ச..."

"வாய மூடிட்டு ஆடுங்க அத்தான். இது ஏமாத்து."

"எனக்கு எப்பவும் இப்படித்தான் வரும்" என்றார் அப்பாவியாக.

வாயை மூடிக்கொண்டு ஆடினார். இருபது விநாடி வரை பரவாயில்லை. ஒரு நிமிடம் கழித்து இரண்டு நிறங்கள் வந்தபோது, இருவரில் யார் தன்னைப் பார்க்க வந்தவர் என்று தெரியாத வீட்டுக்காரர்போல மாறி மாறிப் பார்த்தார். ஜெயித்த மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சீமாட்டிக்குக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தின்றாள்.

ஒன்பதாவது மாதம் ஒரு புதன்கிழமை காலை டாக்டரம்மா உறையைப் பிரித்தார்.

நட்சத்திரம் உப்புத் தண்ணீர்.

மற்ற மூன்று குரங்குகளும் நிக்கோட்டின் நாட்களில் கொஞ்சம், மிகக் கொஞ்சம், நன்றாகச் செய்திருந்தன. சீமாட்டி மட்டும் தலைகீழ். உப்புத் தண்ணீர் நாட்களில் கெட்டிக்காரி. அதுவும் மூன்றாவது மாதத்திலிருந்து வரைபடத்தில் அவளுடைய நட்சத்திர நாட்களின் கோடு சரிந்துகொண்டே வந்து, தொண்ணூறு எழுபதாகியிருந்தது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதால் சரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். "உப்புத் தண்ணிக்கு எப்படிம்மா உடம்பு பழகும்?" என்றார் டாக்டரம்மா.

நான் என் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

புட்டிகள் முடிந்தாலும் அந்த வாரக் கடைசி வரை சோதனை நடந்துகொண்டிருந்தது. அன்று மாலை கண்ணாடிக்குப் பின்னால் உட்காராமல், சோதனை அறைக்குள் கதவோரம் நின்றேன். அத்தான் வழக்கம்போல சீமாட்டிக்குப் பின்னால் நின்றார். திரையில் சிவப்பு வந்து மறைந்தது.

"செவப்பு, செவப்பு, செவப்பு..." ஜபம்போல, மூச்சோடு கலந்து, அவருக்கே கேட்காத குரலில். சீமாட்டி திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு காதை அவர் பக்கம் வைத்திருந்தாள். நிறங்கள் வந்ததும் சிவப்பைத் தொட்டாள். மாத்திரை விழுந்தது. அடுத்தது நீலம். "நீலம், நீலம்..." அவள் நீலத்தைத் தொட்டாள்.

மூன்றாவது மறுபடியும் சிவப்பு, ஒரு நிமிடம். வெளியே நடையில் நெட்டையன் ஒரு வாளியைக் கீழே போட்டான். அத்தானின் குரல் நின்றது. எங்கேயோ போய்த் தேடிவிட்டுத் திரும்பி வந்தது. "நீலம், நீலம், நீலம்..."

சிவப்பும் நீலமும் வந்தன. சீமாட்டியின் விரல் சிவப்புக்குப் போனது. தொடவில்லை. அந்தரத்தில் நின்றது. அவள் காது பின்னால் திரும்பியது. விரல் மெல்ல நகர்ந்து நீலத்தைத் தொட்டது. மாத்திரை விழவில்லை. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

தன் கண்ணைவிட அவரை அவள் நம்பியிருந்தாள். ஒன்பது மாதமாகத் திங்களும் புதனும் வெள்ளியும் நான் எழுதிவைத்தது சீமாட்டியின் ஞாபகம் இல்லை. அத்தானுடையது.

அந்தக் கோட்டை ஒரு நீளத் தாளில் தனியாக வரைந்தேன். பெட்டியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்த நாளைப் பென்சிலால் குறித்தேன். கோடு அதற்கு இரண்டரை மாதம் முன்பே சரியத் தொடங்கியிருந்தது. குறித்த இடத்தில் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புகை இருந்தபோதும் ஒன்றுதான், போன பிறகும் ஒன்றுதான் என்று அது தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவிடம் என் தவறைச் சொன்னேன். கோபித்தார், என்னை, அத்தானை அல்ல. சீமாட்டியின் ஒன்பது மாதத்தையும் கணக்கிலிருந்து நீக்கினார். பிறகு தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, சிகரெட்டை விட்டால் முதல் சில வாரம் கவனம் சிதறும், அது சரியாகிவிடும், இது அது இல்லை என்றார். முப்பது வருடப் புகை மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களுக்கு நல்லது எதுவும் செய்திருக்காது என்றும் சொன்னார். நரம்பு மருத்துவர் ஒருவருக்குத் தானே கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஜெனரேட்டர் சுவருக்குப் பின்னால் அத்தானிடம் தாளைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்து, வண்டி ஓட்டுவதுபோல மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தார்.

"இது நானா?"

"ஆமா அத்தான்."

"சீமாட்டி என் பேச்சக் கேட்டுக் கெட்டா. வீட்ல ஒருத்தி கேக்காமலே பொழச்சா." சிரித்தார். பிறகு பென்சில் குறியில் விரலை நிறுத்தினார். "அப்ப, விட்டதால இல்ல."

"இல்ல."

"உங்கக்காவால இல்ல."

"இல்ல அத்தான்."

அவருடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். பயந்து இறங்கியதுபோலத் தெரியவில்லை. சுமந்து வந்ததை இறக்கி வைத்ததுபோல இருந்தது. "சரி, அந்த ஏழும் அங்கேயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இத அவகிட்ட காட்டாத. இப்ப சிகரெட் ஏக்கம், நடிக்கறாருன்னு திட்டிட்டிருக்கா. இதப் பாத்தா வியாதின்னு தெரிஞ்சு திட்டறத நிறுத்திடுவா. திட்டறவரைக்கும் நான் நல்லாருக்கேன்னு அர்த்தம்."

வார்த்தை கொடுத்தேன். அப்போது அது சின்ன விஷயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு இரண்டரை வருடம். வியாதி என்று அக்காவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. அவள் திட்டுவதை நிறுத்தவில்லை, குரலை மட்டும் தணித்துக்கொண்டாள். அத்தான் வீட்டுக்குள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். "கதவு, கதவு, கதவு" என்று கதவு வரை. "தண்ணி, தண்ணி" என்று குடம் வரை. சொல் வழியில் நழுவிவிட்டால் அந்த இடத்திலேயே நிற்பார், ஆவி அடங்கக் காத்திருப்பவர்போல. அக்கா போய்த் தோளைத் தொட்டு, அடுத்த சொல்லைக் காதில் சொல்வாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார்.

ஒரு நாள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "யாரு இந்த வீட்ல சிகரெட் புடிக்கறது? உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லி வை." அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

சீமாட்டியை வேலையிலிருந்து விடுவித்து, கட்டடத்தின் பின்னால் மரங்கள் இருந்த கம்பி அடைப்பில் விட்டிருந்தார்கள். அத்தானை ஒரு முறை அங்கே கூட்டிப்போனேன். அவளை அவருக்குத் தெரியவில்லை. யார் வீட்டு அம்மா என்று என்னிடம் கேட்டார். அவள் கம்பிக்கு அருகில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஒரு காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அக்கா ஃப்ரிட்ஜைத் துடைத்தாள். பெட்டியைக் கீழே இறக்கித் திறந்து எண்ணினாள்.

"ஏழும் இருக்கு" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புடிக்க விட்டிருந்தா புத்தியாவது தங்கியிருக்கும். நாந்தான்டி புடுங்கிட்டேன். ஒரு வார்த்த என்னைச் சொல்லாம போயிட்டாரு."

அன்றைக்குச் சமையலறையில் கேட்டதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்; இரண்டரை வருடத்துக்கும் மேலாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கொடுத்த வார்த்தையின் விலை அது. உள்ளே போய் நீளத் தாளை எடுத்துவந்து அவள் முன்னால் தரையில் விரித்தேன். திங்கள், புதன், வெள்ளி என்றேன். சீமாட்டியின் காதைச் சொன்னேன். பென்சில் குறியைக் காட்டினேன்.

"இதுதான் பெட்டிய மேல வெச்ச நாளா?"

"ஆமாக்கா."

அவள் விரல் அந்தக் குறியிலிருந்து கீழே போகவில்லை. மேலே ஏறியது. பின்னோக்கி, ஒவ்வொரு புள்ளியாக, கோடு முதன்முதலில் வளைந்த இடம் வரை. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இது எப்போ?"

தேதியைப் படித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை.

"அந்த வாரந்தான் நீல நூல்கண்டு வாங்கிட்டு வந்தாரு. என்னைக் கூட்டிப்போக வந்த மூணு நாளும். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு, அதே நீலம். நான் ஒரு தடவதான் கேட்டேன். எம்மேல எவ்வளவு ஆசைன்னு கூடத்துல எல்லார்கிட்டயும் சொன்னேன்." தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "குரங்குக்குத் தெரிஞ்சது, கட்டினவளுக்குத் தெரியல பாரு."

பிறகு எழுந்து, சிகரெட் பெட்டியைக் குப்பைக் கூடையில் போட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் பெட்டி இருந்த இடத்தில் சதுரமாகத் தூசு படியாமல் இருந்தது. அதையும் சேர்த்துத் துடைத்தாள். தாளை நான் சுருட்டப் போனேன்.

"விடு. அத நான் வெச்சுக்கறேன்" என்றாள்.